அரண்மனைக்குப் பிடித்த நாலு வரி

மகன்,

நீ போய்ச் சேர்ந்த அண்டைக்குப் போன் எடுத்து, சாப்பாடு பரவாயில்லை, குளிர் பரவாயில்லை, அறை பரவாயில்லை எண்டு சொன்னாய். இத்தனை பரவாயில்லை ஒண்டாய் வந்தால் ஒண்டும் சரியில்லை எண்டு அர்த்தம். உன்னை எனக்குத் தெரியாதோ! நான் வாயைத் திறக்க முன்னம் போன் கார்ட் முடிஞ்சு லைன் வெட்டுப்பட்டுப் போச்சு. பிறகு எடுப்பம் எண்டால் கொம்மா பக்கத்திலை வந்து நிக்கிறா. இந்த விசயத்தை அவவுக்கு முன்னாலை கதைக்கேலாது. ஃபாக்ஸ் அனுப்புங்கோவன் எண்டு அவ சொல்லுறா. பிளாசாவிலை இருக்கிற ட்ரவல் கடையிலை குடுத்தால் அந்த மனிசன் ஒவ்வொரு தாளாய் வாசிச்சுப்போட்டுத்தான் மெசினுக்குள்ளை விடும். உன்ரை கையிலை கிடைக்க முன்னம் மல்வேர்ன் பக்கத்துச் சனம் எல்லாத்துக்கும் கதை போயிடும். ஆனபடியாலை எழுதி எக்ஸ்பிரஸ் தபாலிலை போடுறன். கிடைச்ச உடனை ஆறுதலா இருந்து முழுக்க வாசி. பாதியிலை கோவம் வந்து எறிஞ்சுபோடாதை.

விசயம் பெரியப்பாவின்ரை நினைவு மலர். முப்பத்தொண்டாம் நாள் கிரியை அண்டைக்கு வாற சனத்தின்ரை கையிலை அது இருக்கவேணும். வாற வெள்ளிக்குள்ளை முழுக்கத் தராட்டித் தன்னாலை ஏலாது எண்டு அச்சகக்காரர் ஒற்றைக் காலிலை நிக்கிறார். தமிழ்ப் பக்கங்கள் எல்லாம் நான் எழுதிக் குடுத்திட்டன். நீ எழுதித் தந்த அந்த ஒரு இங்கிலீஸ் பக்கம் மட்டும் இன்னும் என்ரை சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை கிடக்கு. அந்தப் பக்கத்திலை கடைசி நாலு வரி. பிறசர் ஏறிப்போச்சு, குளிசையை மாத்துவம் எண்டு டொக்டர் சொல்லுறார். பிழை குளிசையிலை இல்லை, என்ரை மகன் எழுதின நாலு வரியிலை எண்டு அந்தாளுக்கு எப்பிடி விளங்கப்படுத்திறது?

எல்லாத்துக்கும் உன்ரை அரண்மனைக் கிழவன்தான் காரணம் எண்டு கொம்மா சொல்லுறா. ஆயிரம் வருசத்துக்கு முந்திக் கொன்ஸ்தாந்திநோப்பிளிலை ராசாவுக்குப் பக்கத்திலை இருந்து சரித்திரம் எழுதின அந்த மனிசன். அவற்றை பேர் என்ரை வாய்க்குள்ளை நுழையாது. நுழையாட்டிலும் குத்தமில்லை எண்டு நீயே சொன்னனீ: மிஞ்சினது ஒரேயொரு கையெழுத்துப் பிரதி, அதிலையும் எழுதினவர் ஆர் எண்டு ஒழுங்கா இல்லை, பேர் ஓரத்திலை பிறகு ஆரோ எழுதிவிட்டது எண்டு. அந்த ஒரு பிரதியைக் கண்ணாலை பாக்கத்தானே இப்ப ஜேர்மனியிலை குளிருக்கை கிடக்கிறாய். இஞ்சை சனம் என்னைக் கேக்குது, 'மகன் என்ன படிக்கிறார்?' எண்டு. 'சரித்திரம்.' 'எங்கடை சரித்திரமோ?' 'இல்லை.' 'வெள்ளைக்காரன்ரையோ?' 'அப்பிடியும் சொல்லேலாது.' அதோடை அவை என்னைப் பாத்து 'ஐயோ பாவம்' எண்டது போலை ஒரு முகம் காட்டுவினம். பரவாயில்லை, எனக்குப் பழகிப்போச்சு. ஆனால் அந்த மனிசன்ரை கதையை நீ சொன்ன நாள் எனக்கு நல்ல ஞாபகம்.

சமையலறை மேசையிலை நானும் நீயும் பெரியப்பாவும் இருந்தம். கொம்மா பிட்டு அவிச்சுக்கொண்டு நிண்டவ. நீ ஒரு கையாலை பிட்டைக் குழைச்சுக்கொண்டு மற்றக் கையாலை காத்திலை படம் கீறிக் கீறிச் சொன்னாய். அவரைச் சரித்திரம் எழுதச் சொன்ன ராசா நல்லாப் படிச்ச மனிசன். ஆனால் அந்த ராசாவின்ரை பாட்டனார் குதிரை பாத்துக்கொண்டு திரிஞ்ச ஆள். அவரை நம்பிப் பக்கத்திலை வைச்சுப் பட்டமும் கட்டின அந்தக் காலத்து ராசாவைப் படுக்கையறையிலை கொலை செய்விச்சுப்போட்டுத்தான் சிம்மாசனத்திலை ஏறினவர். இப்ப பேரன் கூப்பிட்டு எழுது எண்டால் அந்தப் பாவி என்னத்தை எழுதிறது? கொலை நடந்தது உண்மை, பாட்டனாருக்கு அதிலை சம்பந்தமில்லை, அவற்றை உயிருக்கு ஆபத்து எண்டு பயந்து கூட இருந்தவை செய்தது எண்டு எழுதிவிட்டாராம். நீ விழுந்து விழுந்து சிரிச்சாய். பெரியப்பா சிரிக்கேல்லை. "அந்தாளைப் பிடிச்சு ஏன்டா பகிடி பண்ணுறாய்? சொல்லக் குடுத்ததைச் சொல்லியிருக்கிறான். அவனுக்கும் வீட்டிலை ஆக்கள் இருந்திருப்பினம்" எண்டு கோப்பையைப் பாத்துக்கொண்டு சொன்னார். அண்ணை எப்பவும் வேலையாக்களின்ரை பக்கம் கதைக்கிறவர்தானே எண்டு நான் அதை அப்பிடியே விட்டிட்டன்.

அதுக்குப் பிறகு நீ என்னைப் பாத்துச் சொன்னது இண்டைக்கும் என்ரை நெஞ்சுக்கை குத்திக்கொண்டு கிடக்கு. "அப்பா, நீங்களும் அந்த ஆள்தான். ஸ்காபரோவின்ரை கோர்ட் ஹிஸ்டோரியன்." கொம்மா சிரிச்சா. நான் கோவிச்சுக்கொண்டு எழும்பிப் போனன். போய்க் கட்டிலிலை இருந்து யோசிச்சுப் பாத்தால், அதிலை என்ன பொய் இருக்கு? இந்த ஊருக்கு வந்த காலத்திலையிருந்து ஆரின்ரை வீட்டிலை சாவு விழுந்தாலும், 'மாஸ்டர், நீங்கள்தான் மலர் எழுதித் தரவேணும்' எண்டு எனக்குத்தான் போன் வரும். ஊரிலை படிப்பிச்ச குற்றத்துக்காக. நானும் இந்த ஸ்காபரோவிலை செத்த எல்லாரையும் நல்லவையாக்கிப்போட்டன். ஒருத்தருக்கும் ஒரு தேத்தண்ணி குடுக்காத மனிசன் என்ரை கையிலை 'சிக்கனத்தின் உறைவிடம்'. அயலட்டை முழுக்கச் சண்டை பிடிச்ச மனிசி 'மனதில் பட்டதைத் துணிந்து கூறும் பண்பாளர்'. 'அன்னார் இன்முகத்துடன்' எண்டு நான் எழுதின ஆக்களிலை பாதிப்பேர் சிரிச்சு நான் கண்டதில்லை. ஆனால் மகன், ஒண்டை விளங்கிக்கொள். அந்த மலரை வாசிக்கிறவை அழுதுகொண்டிருக்கிற ஆக்கள். அவைக்கு அந்த நேரம் என்ன வேணும் எண்டு எனக்குத் தெரியும். அது பொய் எண்டால் பொய்தான், நான் மறுக்கேல்லை.

அண்ணைக்கு எழுதேக்கை எனக்குக் கை ஓடேல்லை. என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்ட மனிசன், எனக்கு முதல் விண்டர் ஜக்கெற் வாங்கித் தந்த மனிசன்; அவரைப் பற்றி என்னத்தை எண்டு எழுதிறது? பிறந்தார், படிச்சார், வேலை செய்தார் எண்டு எழுதிப்போட்டு, பக்கம் நிரம்பாமல் 'புதிய மீனில் பெருவிருப்புடையவர்' எண்டும் சேர்த்துவிட்டன். அது ஒண்டெண்டாலும் உண்மைதானே எண்டு நினைச்சன். உனக்கும் தெரியும், ஞாயிறு காலமை எண்டால் அவர் என்னை நித்திரை கொள்ள விடமாட்டார். "எடேய், காரை எடு, மில்லிக்கனுக்குப் போவம், அங்கத்தைச் சீனக்கடையிலை மீன் உயிரோடை நீந்துது" எண்டுவார். வீட்டுக்குப் பக்கத்திலை எங்கடை ஆக்களின்ரை மீன்கடை இருக்கு, அதை விட்டிட்டு அவ்வளவு தூரம். அங்கை போனாலும் மனிசன் லேசிலை இறங்காது. கார் நிப்பாட்டுற இடத்திலை, றோட்டுப் பக்கம் இருக்கிற லைற் போஸ்டுக்குக் கீழைதான் விடவேணும். வேறை இடத்திலை விட்டால் முறைக்கும். கொஞ்ச நேரம் இருந்து மூச்சு எடுத்திட்டு இறங்குவன் எண்டு சொல்லிப்போட்டு, ஜன்னலாலை றோட்டைப் பாத்துக்கொண்டு இருக்கும். நான் றேடியோவைப் போட்டிட்டுக் கண்ணை மூடுவன். கடைசியிலை உள்ளுக்கை போய்த் தொட்டியை எட்டிப் பாத்திட்டு "இண்டைக்கு மீன் சரியில்லையடா" எண்டு ஒரு பிடி வெங்காயத்தாளோடை வருவார். எனக்கு விசர் வரும். இப்ப அந்த விசர் ஒருக்கா வராதா எண்டு கிடக்கு.

இனி உன்ரை பக்கத்துக்கு வாறன். செத்தவீட்டு அண்டைக்கு நடந்ததை நான் மறக்கேல்லை. பெரியப்பாவின்ரை ஒரே பிள்ளை வசந்தி, அந்த மண்டபத்தின்ரை வாசல் கதவுக்குப் பக்கத்திலை கோட்டும் கழட்டாமல் தன்ரை குழந்தையைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நிண்டாள். மன்னார் வேதக்கார, கத்தோலிக்கப் பெடியனைக் கட்டினதிலையிருந்து அவளை அந்த வீட்டுக்குள்ளை எடுக்கேல்லை எண்டு எல்லாருக்கும் தெரியும். எங்களிலை அவளோடை கதைபேச்சு வைச்சிருந்தது நீ ஒருத்தன்தான். நீ போய்க் கையைப் பிடிச்சு முன்னுக்கு வாங்கோ அக்கா எண்டு இழுத்தாய். "வேண்டாம், அப்பாவுக்குப் பிடிக்காது" எண்டு சொன்னாளாம். பெட்டிக்குள்ளை கிடக்கிற மனிசனுக்குப் பிடிக்காது எண்டு! அண்ணி முன்வரிசையிலை திரும்பிப் பாராமல் இருந்தா. உனக்கு அண்டைக்கு ஏறின கோவம் இறங்கவேயில்லை. எயார்போட்டிலை அந்தப் பக்கத்தை என்ரை கையிலை தந்து, "அப்பா, ஒரு சொல்லும் மாத்தக்கூடாது. மாத்தினால் நீங்கள் உண்மையாவே அந்த ஆள்தான்" எண்டு சொன்னாய். பிறகு கையைக் கூடக் காட்டாமல் உள்ளுக்கை போயிட்டாய். காரிலை இருந்துதான் வாசிச்சன். பெரியப்பா தன்ரை மகளை வாசல்படி மிதிக்க விடேல்லை. அவளின்ரை கலியாணத்துக்குப் போகேல்லை. பேத்தியை ஒருநாளும் தூக்கேல்லை. அவரை நேசிச்சவை அதையும் சேர்த்துத்தான் ஞாபகம் வைச்சிருக்கவேணும். இந்த நாலு வரியும்தான்.

நான் பயந்த பயம் உனக்குத் தெரியாது. போட்டால் அண்ணி சபையிலை தலை நிமிராள். போடாட்டி நீ என்னோடை கதைக்கமாட்டாய். ரெண்டு நாள் வேலையிலை பெட்டிக்கு லேபல் மாறி ஒட்டினன். ஒரேயடியா வெட்டிப்போட்டு 'இடம் காணாமல் போச்சு' எண்டு உனக்குச் சொல்லுவமோ எண்டும் நினைச்சனான், ஓம், நினைச்சனான். பிறகு, அண்ணிக்கு வாசிச்சுக் காட்டுவம், அவவே வேண்டாம் எண்டு சொல்லுவா, பழி என்ரை தலையிலை விழாது எண்டு ஒரு யோசினை வந்துது. ஷிப்ட் முடிய நேர மல்வேர்னிலை இருக்கிற அண்ணி வீட்டுக்குப் போனன்.

அண்ணி தேத்தண்ணி வைச்சுத் தந்திட்டு முன்னாலை இருந்தா. சுவரிலை அண்ணையின்ரை படம், மாலை, கீழை விளக்கு. நான் உன்ரை பக்கத்தை விரிச்சு, விரலை வைச்சு ஒவ்வொரு வரியாய்த் தமிழிலை சொன்னன். நீ நல்லாத்தான் எழுதியிருக்கிறாய் மகன். அண்ணை உனக்குச் சைக்கிள் பழக்கி மதிலோடை கொண்டுபோய் அடிச்சதைச் சொல்ல அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா. அந்த நாலு வரியும் வந்த உடனை நான் பேப்பரை மடிச்சன்.

"தம்பி, கடைசியிலை இன்னும் எழுத்துக் கிடக்கு. உதை ஏன் விட்டனீர்?"

"அது சும்மா, அண்ணி. எல்லாருக்கும் நன்றி சொல்லியிருக்கிறான்."

"நன்றி சொல்ல உமக்கு ஏன் வேர்க்குது? வாசியும்."

வாசிச்சன். அண்ணி படத்தை ஒருக்காப் பாத்தா. பிறகு, "அப்பிடியே போடும்" எண்டா. எனக்கு நம்பேலாமல் போச்சு. "அண்ணி, சனம் பாக்கும்" எண்டன். "பாக்கட்டும். பெடியன் எழுதினபடி ஒரு சொல்லும் மாத்தாமல் போடும்." எனக்குக் கண் கலங்கிப்போச்சு. இந்த மனிசியை நான் இவ்வளவு நாளும் கல்மனசுக்காரி எண்டெல்லோ நினைச்சிருந்தன்! "அண்ணி, தன்ரை மனிசனைப் பற்றி இப்பிடி எழுத ஆர் விடுவினம்? உங்களுக்குப் பெரிய மனசு" எண்டு சொல்லிப்போட்டன். அவ்வளவுதான். மனிசி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதா.

"பெரிய மனசோ? தம்பி, சொன்னது அவற்றை வாய். சொல்லக் குடுத்தது நான்" எண்டா. வசந்தி போன் எடுத்துக் கலியாணம் கட்டப்போறன் எண்டு சொன்ன அண்டைக்கு அண்ணிதான் பக்கத்திலை நிண்டு ஒவ்வொரு சொல்லாய்ச் சொல்லச் சொல்ல, அண்ணை ரிசீவருக்குள்ளை சொன்னவராம். அவள் உள்ளுக்கை வந்தால் நான் வெளியிலை எண்டு அண்ணி சொன்னவவாம். குழந்தை பிறந்த நேரம் 'ஒருக்காப் போயிட்டு வருவமோ' எண்டு அண்ணை கேட்டிருக்கிறார். இவ விடேல்லை. கோயில் குளம் எண்டு திரிஞ்சனான், சனம் என்ன சொல்லும் எண்டு பயந்தனான், பிறகு பயம் போயிட்டுது, ஆனால் இறங்கி வர வெக்கமாய்க் கிடந்தது எண்டா. அண்ணை அதுக்குப் பிறகு வாதாடேல்லையாம். "சரி, அது என்ரை பேரிலையே கிடக்கட்டும். பிள்ளைக்குத் தாய் எண்டு ஒருத்தி மிச்சம் இருக்கவேணும்" எண்டு மட்டும் சொன்னவராம்.

"இப்ப அவள் எனக்குப் போன் எடுக்கிறாள், தம்பி. செத்தவீட்டுக்குப் பிறகு ரெண்டு தரம் எடுத்திட்டாள். 'அப்பாதானே விடேல்லை, நீங்கள் பாவம், என்ன செய்யிறது' எண்டு சொல்லுறாள். நானும் ஓம் பிள்ளை எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன். உண்மையைச் சொன்னால் அந்தப் போனும் நிண்டுபோகும். அவருக்கு இனி நோகாது. எனக்கு நோகும். உம்மடை பெடியனுக்கும் சொல்லிப்போடாதையும்" எண்டு என்ரை கையைப் பிடிச்சா. நான் தலையை ஆட்டினன். ஆட்டிப்போட்டுத்தான் இதை உனக்கு எழுதிறன். எனக்குப் பயமாய்க் கிடக்கு, மகன். வசந்திக்கு இதை நீ சொல்லக்கூடாது. சொல்லுறதெண்டால் பெத்தவள் சொல்லட்டும், சொல்லாமல் விடுறதும் அவளின்ரை பாடு.

விளங்குதா, என்ன நடந்திருக்கெண்டு? நீ வீரமாய் எழுதின நாலு வரியும் இப்ப அரண்மனைக்குப் பிடிச்ச நாலு வரி. நீ எழுதினதிலை ஒரு வரியும் பொய் இல்லை. அவர் சொன்னது உண்மை, போகாதது உண்மை, தூக்காதது உண்மை. ஆனாலும் உயிரோடை இருக்கிற ராணிக்கு நோகாமல், செத்தவன்ரை தலையிலை முழுக்க ஏத்திவிட்டிட்டாய். செத்தவைக்காக ஆர் வந்து கேக்கிறது? உன்ரை அரண்மனைக் கிழவன் செய்ததும் இதுதானே! அவர் தெரிஞ்சு செய்தார், நீ தெரியாமல் செய்தனீ. உன்னைக் குத்திக் காட்டுறதுக்காக இதை எழுதேல்லை, ராசா. நீ எல்லாரையும் விசாரிச்சனீ, என்னை, கொம்மாவை, வசந்தியை. அண்ணியிட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை. கல்லுப் போலை இருக்கிறவையிட்டைத்தான் முதல் போய்க் கேக்கவேணும் எண்டு இந்த வயசிலை எனக்கே இப்பத்தான் விளங்குது. ஒரு புத்திமதி சொல்லு எண்டால் இதைத்தான் சொல்லுவன், வேறை ஒண்டும் என்னட்டை இல்லை.

இன்னொண்டும் நீதான் சொன்னனீ. அந்தச் சரித்திரத்திலை, ஒரு மந்திரியைக் குத்திக் கொல்ல வந்த நேரம், தடுத்துக் காப்பாத்தப் பாத்த ஒருத்தரைப் பற்றி அந்த மனிசன் ஆசையாய் எழுதியிருக்கிறார்; அந்த ஆள் அவற்றை சொந்தப் பாட்டனாராய் இருக்கவேணும் எண்டு படிச்சவை நினைக்கினம் எண்டு. "பாத்தியளே அப்பா, இதிலையும் குடும்பப் பெருமை" எண்டு நக்கலடிச்சாய். நான் இப்ப வேறை மாதிரி நினைக்கிறன். ராசா சொன்னதெல்லாத்தையும் எழுதிக் குடுத்திட்டு, தன்ரை வீட்டிலை பெரியவை சொல்லிக் கேட்ட ஒரேயொரு நல்ல விசயத்தை ஓரத்திலை ஒளிச்சு வைச்சிருக்கிறார் போலை. பெருமையாயும் இருக்கலாம். ஆனால் கொல்ல வந்தவையின்ரை பேர் மட்டுமில்லை, தடுக்கப் பாத்தவன்ரை பேரும் மிஞ்சிக் கிடக்கு. அண்ணைக்கு அப்பிடி ஒரு ஓரம் குடுக்க என்னட்டை ஒண்டுமே இல்லையே எண்டு எனக்கு ஒரே அந்தரம்.

நேற்றுச் சனிக்கிழமை. முப்பத்தொண்டுக்கு வசந்திக்கு நேரிலை சொல்லுறது என்ரை கடமை, கார்டை மட்டும் தபாலிலை போட்டால் மரியாதையில்லை எண்டு நினைச்சு, நீ அவசரத்துக்கெண்டு எழுதி வைச்சிட்டுப் போன விலாசத்தை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டன். அவள் மில்லிக்கன் பக்கம் இருக்கிறாள் எண்டு மட்டும்தான் எனக்கு இவ்வளவு நாளும் தெரியும். ஸ்டீல்ஸிலை திரும்பி, நீ எழுதின றோட்டுக்குள்ளை இறங்கினால், கார் தானாய்ப் போகுது. கை தானாய் வளைக்குது. பாத்தால் அதே பிளாசா, அதே சீனக்கடை. றோட்டுக்கு அங்காலை வரிசையாய் வீடுகள். நம்பரைப் பாத்துக்கொண்டே வந்தன். அவளின்ரை வாசல் கதவு, நாங்கள் கார் விடுற அந்த லைற் போஸ்டுக்கு நேர் எதிரை. ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்திலை இருந்திருக்கிறன், மகன். றேடியோ கேட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, இந்த மனிசன் எப்ப மீன் வாங்கி முடிக்கும் எண்டு புறுபுறுத்துக்கொண்டு! விலாசத்தை எங்கையெண்டு எடுத்தாரோ, போன் புத்தகத்திலை பாத்திருப்பார். அண்ணிக்குத் தெரியாமல், எனக்கும் தெரியாமல்.

வசந்திதான் கதவைத் திறந்தாள். என்னைக் கண்ட உடனை ஏதோ கெட்ட செய்தி எண்டு பயந்து புருசனைக் கூப்பிட்டாள். ஜெராட் தம்பி என்னைக் கூட்டிக்கொண்டுபோய் இருத்தித் தண்ணி தந்தார். நல்ல மரியாதையான பெடியன், உள்ளதைச் சொல்லவேணும். நான் அண்ணி சொன்னதிலை ஒரு எழுத்தும் வாய் திறக்கேல்லை. என்ரை கண்ணாலை கண்டதை மட்டும் சொன்னன். பிள்ளை, கொப்பா ஞாயிறு காலமையிலை என்னைக் கூட்டிக்கொண்டு வருவார், அந்தா தெரியுது பார் அந்த லைற் போஸ்ட், அதுக்குக் கீழை காரை விடச் சொல்லுவார், விட்டிட்டு இந்தப் பக்கம் பாத்துக்கொண்டே இருப்பார், மீன் வாங்க எண்டுதான் வாறவர், வாங்கிறேல்லை எண்டு சொன்னன். அவள் எழும்பி ஜன்னலடிக்குப் போனாள். சீலையை விலக்கி வெளியிலை பாத்தாள்.

"ஞாயிறு காலமையோ, சித்தப்பா?"

"ஓம் பிள்ளை. ஒரு ஞாயிறும் விட்டதில்லை, சினோ கொட்டினாலும்."

"சித்தப்பா, ஞாயிறு காலமை நாங்கள் சேர்ச்சுக்கு, பூசைக்குப் போயிடுவம். வீட்டிலை ஒருத்தரும் இருக்கிறேல்லை."

சொல்லிப்போட்டு அவளுக்குச் சிரிப்பு வந்திட்டுது. எனக்கும் வந்திட்டுது. ஐயோ, நாங்கள் ரெண்டு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சம்; ஜெராட் தம்பி என்ன எண்டு விளங்காமல் முழிச்சுக்கொண்டு நிண்டார். பிறகு அவள் அப்பிடியே படியிலை இருந்து கத்தி அழுதாள். குழந்தை ஓடிவந்து தாயின்ரை கழுத்தைக் கட்டிப் பிடிச்சுது. அண்ணையின்ரை மூக்கு மகன், அப்பிடியே அண்ணையின்ரை மூக்கு. வெள்ளிக்கிழமை எண்டால் கோயில் எண்டு தெரிஞ்ச மனிசனுக்கு, ஞாயிறு எண்டால் வேதக்காரர் வீட்டிலை நிக்கமாட்டினம் எண்டு யோசினை வரேல்லை. எனக்கும்தான் வரேல்லை. எங்கடை ஆக்களிலை ஆர் அதை யோசிக்கிறது? சனிக்கிழமை பின்னேரம் ஒருக்கா வந்திருந்தால் அந்தப் பிள்ளை சைக்கிள் ஓடுறதைக் கண்டிருப்பார். வெறும் வீட்டைப் பாத்துப் பாத்துத்தான் மனிசன் போய்ச் சேர்ந்திருக்கு.

'புதிய மீனில் பெருவிருப்புடையவர்' எண்ட வரியை நாளைக்குப் போய் வெட்டுவிச்சுப்போடுவன். மகள், மருமகன், பேத்தி எண்டு மூண்டு பேரின்ரை பேரையும் போடச் சொல்லுவன். அண்ணி என்ன சொன்னாலும் அதிலை நான் இறங்கமாட்டன். உன்ரை நாலு வரியை என்ன செய்யிறது எண்டு நான் சொல்லமாட்டன். உனக்குச் சொல்லக் குடுத்தால் பிறகு எனக்கும் அண்ணிக்கும் என்ன வித்தியாசம்? நீ எப்பிடி எழுதி அனுப்பினாலும் அப்பிடியே போகும். அண்ணை அந்த வாசலைப் பாத்துக்கொண்டு இருந்ததைக் கண்டவன் ஒருத்தன் இருக்கிறான், அது நான் எண்டு மட்டும் தெரிஞ்சுகொள். வெள்ளிக்கு முன்னம் போன் எடு. பெரிய கார்டாய் வாங்கி எடு.

வெளிக்கிடேக்கை வசந்தியிட்டை முப்பத்தொண்டு எப்ப, எங்கை எண்டு சொன்னன். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். வருவாளோ எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிண்டன். அவள் கதவைப் பிடிச்சுக்கொண்டு றோட்டுக்கு அங்காலை பாத்தாள்.

"அண்டைக்கு நான் பூசைக்குப் போகமாட்டன், சித்தப்பா. வர ஆயத்தமாய் வீட்டிலை நிப்பன். அதே இடத்திலை காரை விடுங்கோ."

அப்பா